கரையும் கறையும்

தமிழ் நடத்துகிறவர்கள் ஆண்டுதோறும் திருத்திச் சலிக்கும் பிழைகளுள் ஒன்று கரைக்கும் கறைக்கும் இடையிலானது. இடையின ரகரம் இட்டால் சேலையின் ஓரம். வல்லின றகரம் இட்டால் சேலையில் பட்ட அழுக்கு. முன்னது துணியின் விலையை ஏற்றும், பின்னது இறக்கும். அண்மைக் காலத்தில் இந்த வேறுபாட்டைச் சந்தையே அழித்துவிட முனைகிறது. கரையில் வைத்துத் தைக்க வேண்டிய லேஸைக் கறைப்படுத்தி, அந்தக் கறைக்கென்றே தனி விலை கேட்கிறார்கள்.

செய்முறை எளிது. வெள்ளை லேஸைத் தேயிலைச் சாற்றிலோ காப்பி டிகாக்‌ஷனிலோ ஊறவைத்துப் பழுப்பேற்றுகிறார்கள். பிறகு உலர்த்தி, பட்டும் வெல்வெட்டும் பழஞ்சேலைத் துண்டுமாக ஒட்டித் தைக்கும் அலங்காரப் போர்வைகளில் பொருத்துகிறார்கள். மேலைநாட்டில் இத்தகைய போர்வைக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. 1876இல் பிலடெல்பியாவில் நடந்த பெருங்கண்காட்சிக்குப் பிறகு, அமெரிக்க வீடுகளில் ‘கிறுக்குப் போர்வை’ என்று நாம் பெயர்க்கத்தக்க ஒரு வகைத் தையல் பரவியது. ஒழுங்கான சதுரங்கள் அதில் இல்லை. கிடைத்த துண்டு கிடைத்த கோணத்தில் அமர்ந்திருக்கும். விளிம்பெங்கும் பூத்தையல், இடையிடையே ரிப்பனும் பாசிமணியும் லேஸும். குளிருக்குப் போர்த்துவதற்கன்று, கூடத்தில் விரித்துக் காட்டுவதற்கே அதைச் செய்தார்கள். இன்று அதே பாணி நம் நகரங்களின் கைவினைக் கடைகளில் மெத்தை உறையாகவும் மேசை விரிப்பாகவும் தோள்பையாகவும் வந்து தொங்குகிறது. ‘இயற்கைச் சாயம்’, ‘பழங்கால லேஸ்’ என்று இரண்டு சீட்டுகள் அதில் ஆடுகின்றன. முதற்சீட்டு பாதி உண்மை. இரண்டாவது, பெரும்பாலும் போன மாதம் பிறந்த பழமை.

லேஸுக்கு நிறமேற்றக் கூடாது என்பதன்று நம் கட்சி. தாராளமாக ஏற்றலாம். ஆனால் நிறம் வேறு, வேடம் வேறு. சாயம் துணிக்கு நிறம் தருகிறது. பழமையின் வேடமாகப் பூசிய கறையோ அந்தத் துணியை நெய்தவளின் உழைப்பைத் துடைத்துவிடுகிறது. இந்தக் கட்டுரை சொல்ல வருவது இவ்வளவே.

*

நாம் இதை எழுதுவது மம்சாபுரத்திலிருந்து. ஒரு கையில் ராஜபாளையம், மறு கையில் ஸ்ரீவில்லிபுத்தூர், மேற்கே மலை. இவ்வூருக்கென்று லேஸ் மரபு கிடையாது. ஆனால் ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி வட்டாரத்தின் விசைத்தறிகளில் காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி நெய்யப்படுகிறது. நூலுக்கும் நூலுக்கும் இடையே வெளி விட்டு நெய்யும் வெள்ளைத் துணி அது. லேஸும் அடிப்படையில் அத்தகையதே: நூலால் வேலி கட்டிய வெற்றிடம். ஒன்று கறையை உறிஞ்சுவதற்கென்றே பிறந்தது. மற்றது கறை படாமல் காக்கப்படுவதற்கென்று பிறந்தது. இரண்டும் பருத்தி, இரண்டும் வெள்ளை. இந்த ஊரில் இருந்துகொண்டு லேஸைப் பற்றி நினைக்கையில், அந்த வெள்ளை எங்கிருந்து வந்தது என்ற கேள்வியைத் தவிர்க்க முடிவதில்லை.

அது வந்த வழி தெற்கே இருக்கிறது. தமிழில் லேஸுக்கு ‘ரேந்தை’ என்றொரு சொல் உண்டு. போர்த்துகீசிய மொழியின் ‘ரெண்டா’விலிருந்து வந்தது. கடற்கரையில் இறங்கிய பல பொருள்களைப் போல இதுவும் பெயரோடு இறங்கியது. ஆயினும் அதை ஒரு தொழிலாக ஊன்றியவர்கள் 19ஆம் நூற்றாண்டின் சீர்திருத்தச் சபை மிஷனரிகளின் மனைவியர். 1819இல் நாகர்கோவிலுக்கு வந்து சேர்ந்த இலண்டன் மிஷன் சங்கத்தின் சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட், பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியில் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவருடைய மகள் எலிசா 1844இல் இராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குச் சென்றபோது, கலையும் உடன் சென்றது. தேரிக்காட்டு ஊரில் ஓர் அறையில் ‘திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்’ உருவாகிக்கொண்டிருந்த ஆண்டுகளில், மற்றோர் இடத்தில் பெண்கள் திண்டின்மேல் குண்டூசி செருகி, சிறு மரக்கட்டைகளில் சுற்றிய நூல்களை ஒன்றன்மேல் ஒன்றாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். தமிழிலக்கியம் பயின்றவர்கள் முன்னதை அறிவோம். பின்னதை நமக்கு யாரும் பாடமாக வைக்கவில்லை. கத்தோலிக்கர் தரப்பில், 1897இல் முளகுமூட்டுக்கு வந்த பெல்ஜியக் கன்னியர் இதே கைவேலையை அங்கே வளர்த்தார்கள்.

இது வெறும் பொழுதுபோக்காக இருந்ததில்லை. திருவிதாங்கூரில் அடிமைமுறை 1855இல்தான் சட்டப்படி முற்றாக ஒழிந்தது. அதற்கு முன்பே, லேஸ் பின்னி ஈட்டிய காசைக் கொடுத்துத் தம் விடுதலையை வாங்கிக்கொண்ட பெண்கள் இருந்தார்கள் என்பது மிஷன் வரலாற்றில் பதிவான செய்தி. அதே நிலத்தில், அதே பத்தாண்டுகளில், நாடார் பெண்கள் தோள்மறைக்கும் உரிமைக்காக அடிபட்டுக்கொண்டிருந்தார்கள். 1859 அரசாணை வரும்வரை அந்தப் போராட்டம் நீண்டது. ஒரு முழத் துணி மார்பின்மேல் இருக்கலாமா கூடாதா என்று அரசும் சாதியும் விவாதித்த ஊரில், வெள்ளை நூலால் பூப் பின்னி விற்று ஒருத்தி தன்னைத் தானே விலைக்கு வாங்கினாள் என்றால், அந்த வெண்மைக்கு அழகியல் கடந்த ஒரு பொருள் இருக்கிறது. கைபடாத வெள்ளையாக ஒப்படைத்தால்தான் கூலி. வியர்வை படக் கூடாது, விளக்குப் புகை ஏறக் கூடாது. லேஸின் வெண்மை வாங்கியவர்களுக்குத் தூய்மையின் அடையாளமாக இருந்திருக்கலாம். பின்னியவளுக்கு அது எச்சரிக்கையோடு கழித்த நாட்களின் கணக்கு.

ஆகவே, அந்த வெள்ளையின்மேல் ஒரு குவளைத் தேநீரை ஊற்றிப் ‘பாட்டி காலத்து லேஸ்’ என்று விற்கும்போது, எந்தப் பாட்டி என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

*

இதற்கு எதிர்வாதம் வரும். வெண்மையை இப்படிக் கொண்டாடுவது காலனியப் பார்வையில்லையா? நம் மரபில் வெள்ளை துயரத்தின் நிறமன்றோ? நியாயமான கேள்வி. நம்மவர் கறையை எப்போதும் இழிவாகக் கருதியதில்லை என்பதற்குச் சான்றுகளும் உண்டு. தீபாவளிக்கு எடுத்த புதுத்துணியின் ஓரத்தில் மஞ்சள் தடவாமல் எந்த வீட்டில் உடுத்துகிறார்கள்? கோடித்துணியை அப்படியே உடுத்துவது ஆகாது, ஒரு துளிக் கறையாவது பட்டால்தான் மங்கலம். இலக்கியத்தில் இன்னும் ஒரு படி மேலே போகலாம். புறநானூற்றின் கடவுள் வாழ்த்து, சிவனின் மிடற்றுக் கறையை அவனுக்கு அணியாகவே சொல்கிறது. நஞ்சுண்ட சுவடு ஆபரணமாயிற்று. பயன்படுத்தியது தீட்டாகாது, உயர்வே ஆகும் என்ற எண்ணத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூரைவிடச் சிறந்த சாட்சி வேண்டியதில்லை. சூடிக் களைந்த மாலை அந்த ஊரில்தான் காணிக்கையாயிற்று.

ஆனால் இம்மூன்றிலும் ஒரு பொதுத்தன்மை இருப்பதைக் கவனிக்க வேண்டும். மஞ்சள் தடவிய துணி தன்னைப் பழையது என்று சொல்லிக்கொள்வதில்லை. புதியது என்று அறிவிக்கவே மஞ்சள் தடவுகிறோம். கண்டத்துக் கறை உண்மையாகவே உண்ட நஞ்சின் தடம். மாலை மெய்யாகவே சூடப்பட்டது. கறை ஒரு நிகழ்ச்சியின் சாட்சியாக நின்றபோதுதான் நம் மரபு அதைப் போற்றியது. நடக்காத நிகழ்ச்சிக்குச் சாட்சி சொல்லும் கறையை நாம் போற்றியதாகத் தெரியவில்லை.

ஒட்டுத்துணி விஷயத்திலும் இப்படியே. பொருநராற்றுப்படையின் பாணர்வழிப் பொருநன் கரிகாலனிடம் போய்ச் சேரும்போது உடுத்தியிருந்தது, வேர்வையில் நனைந்து, வேறு வேறு நூல் நுழைந்த தையல் கந்தை. அரசன் அதை நீக்கிவிட்டு, இழை போன வழி கண்ணுக்குத் தெரியாத, பூவேலை செய்த, பாம்பின் உரி போன்ற ஆடையைத் தருகிறான். துண்டு வைத்துத் தைத்தது நம் முன்னோருக்குக் கலையாகத் தோன்றவில்லை, வறுமையாகத் தோன்றியது. கந்தையானாலும் கசக்கிக் கட்டச் சொன்ன சமூகம் இது. ஏழை வீட்டில் ஒருத்தி ஆயுள் முழுதும் துணியிலிருந்து கறையை எடுக்கப் போராடினாள். அவள் பேத்தியின் தலைமுறை, துணியில் கறையை ஏற்றிக் காசு கொடுத்து வாங்குகிறது. வறுமையின் தோற்றத்தை வறுமையில்லாதவர் அணிந்து பார்க்கும் விளையாட்டில் ஒரு கூச்சமாவது இருக்க வேண்டும்.

ஒட்டுப்போர்வையே கூடாதென்று இதற்குப் பொருளில்லை. வங்காளத்துக் காந்தாவும், வடகன்னட சித்தி மக்களின் கவந்தியும், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் ஊரின் கறுப்பினப் பெண்கள் தைத்த போர்வைகளும் உலகம் வியக்கும் கலைகளே. ஜீஸ் பெண்ட் போர்வைகள் 2002இல் ஹியூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் சுவரேறின. ஆனால் அவற்றில் உள்ள பழமை உழைத்துப் பெற்றது. வயலுக்குப் போட்டுத் தேய்ந்த காற்சட்டையின் முழங்கால் அங்கே மங்கலாக இருக்கிறதென்றால், ஒரு முழங்கால் மண்ணில் ஊன்றியிருக்கிறது என்று பொருள்.

*

சாயத்துக்கும் கறைக்கும் உள்ள வேறுபாடு ஒழுக்கத்தில் மட்டுமன்று, வேதியியலிலும் உண்டு. அதைத் தமிழே ஒரு சொல்லில் பிடித்து வைத்திருக்கிறது. துவர் என்பது நாக்குக்குச் சுவை, கண்ணுக்குச் செந்நிறம். பாக்கிலும் கடுக்காயிலும் நாம் உணரும் துவர்ப்பும், துறவியர் உடுத்த துவராடையும் ஒரே சொல்லிலிருந்து வருகின்றன. வடமொழியிலும் இதே உறவு தொடர்கிறது. குடிக்கும் கஷாயமும் உடுக்கும் காஷாயமும் ஒரே வேர்ச்சொல்லின் கிளைகள். துவர்ப்புடைய பொருளே துணியில் நிறத்தைப் பிடித்து வைக்கும் என்பதை அறிந்தவர்கள் உண்டாக்கிய சொற்கள் இவை.

பட்டும் கம்பளியும் விலங்குப் புரதம். நிறத்தை எளிதில் ஏற்கும். பருத்தி அப்படியன்று. அது பிடிவாதமான இழை. முதலில் அதன் மெழுகும் எண்ணெய்ப் பசையும் நீங்க வேண்டும். நம்மூர் வண்ணார்கள் உவர்மண்ணில் தோய்த்து வெள்ளாவி வைத்ததன் பயன் அதுவே. பேண்டேஜ் துணி நீரை உடனே உறிஞ்சுவதும் இந்தப் பசை நீக்கத்தினால்தான். அடுத்து, துணியின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கடுக்காய்த்தூள் கரைத்த நீரில் ஊறவைத்து உலர்த்த வேண்டும். பின்னர் படிகார நீர். கடுக்காயின் துவர்ப்பு இழையைப் பற்றிக்கொள்கிறது. படிகாரத்தின் அலுமினியம் துவர்ப்பைப் பற்றிக்கொள்கிறது. கடைசியில் வரும் சாயம் அலுமினியத்தைப் பற்றிக்கொள்கிறது. கைகோத்து நிற்கும் இந்த வரிசையில் நடுவில் உள்ளதை நிறமூன்றி எனலாம். அது இல்லாமல் ஏறும் நிறங்களில் பெரும்பாலானவை சலவையிலோ வெயிலிலோ விடைபெற்றுவிடும். அவை கரையும் கறைகள். அவுரி நீலம் இதற்கு விலக்கு. அதற்கு நிறமூன்றி வேண்டாம். தொட்டியிலிருந்து மஞ்சட்பச்சையாக வெளிவரும் துணி காற்றுப்பட நீலமாக மாறுவதைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

மம்சாபுரத்தில் நண்பர்கள் சிலராகச் சேர்ந்து, விடுமுறை நாட்களில் பருத்தி லேஸிலும் பேண்டேஜ் துணியிலும் சிறு அளவில் இதைச் செய்து வருகிறோம். காட்டுக்குப் போவதில்லை. மரப்பட்டை உரிப்பதுமில்லை. மேற்கிலிருப்பது முன்பு சாம்பல் நிற அணில் சரணாலயம், 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம். இயற்கைச் சாயத்துக்காக இயற்கையை உரிப்பது நகைப்புக்குரியது. அடுக்களைக் குப்பையே போதும். படிகாரமிட்ட லேஸ் மாதுளந்தோல் நீரில் மங்கிய மஞ்சளாகிறது. அதிலேயே துருப்பிடித்த இரும்பு ஊறிய நீர் சிறிது சேர்ந்தால் பாசிச் சாம்பல் நிறம். வெங்காயச் சருகு பொன்னிறம் தருகிறது. தென்னைக்குப் பஞ்சமில்லாத வட்டாரம் இது. பச்சை மட்டையை நசுக்கிக் கொதிக்கவைத்தால் இளஞ்சிவப்பு கலந்த பழுப்பு கிடைக்கிறது. தேநீர்ப் பழுப்பைவிட உயிருள்ள பழுப்பு என்பது நம் கருத்து. மஞ்சளோ ஏமாற்றும். உடனே பற்றும், வெயிலில் வெளுக்கும், சவர்க்காரம் பட்டால் சிவக்கும். குங்குமம் செய்யத் தெரிந்த சமூகத்துக்கு இது புதிய செய்தியன்று.

ஒன்றை முன்கூட்டியே சொல்ல வேண்டும். இன்று கடைகளில் கட்டுக்கட்டாகக் கிடைக்கும் லேஸில் பெரும்பகுதி பாலியெஸ்டர். அதில் கடுக்காயும் ஏறாது, படிகாரமும் ஏறாது. ஓர் இழையை உருவி எரித்துப் பார்த்தால் போதும். காகிதம் எரியும் மணத்தோடு சாம்பலானால் பருத்தி. உருகி உருண்டையானால் பிளாஸ்டிக் குலம். அந்த உருண்டையின்மேல் ‘இயற்கை’ என்று சீட்டுக் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

*

தேயிலையும் ஒரு துவர்தானே, அதுமட்டும் ஏன் ஆகாது என்று கேட்கலாம். தேயிலை நிறம் பருத்தியில் ஓரளவு நிற்கும் என்பது மெய். ஆனால் அருங்காட்சியகங்களில் பழந்துணி பேணுவோர் தேயிலைக் கறையை விரும்புவதில்லை. அதன் அமிலத்தன்மை நாளடைவில் இழையை நலிவிக்கிறது. இரும்பு சேர்ந்த கறுப்பும் பழுப்பும் இன்னும் மோசம். பழைய போர்வைகளிலும் சீட்டித் துணிகளிலும் மற்ற நிறங்கள் உறுதியாக இருக்க, கரும்பழுப்புத் துண்டுகள் மட்டும் பொடிந்து உதிர்ந்திருப்பதைக் காணலாம். இரும்பு இழையைத் தின்றுவிட்டது. கனத்த துணியே இப்படியென்றால், நூலைவிட வெற்றிடம் மிகுந்த லேஸ் எந்த மூலைக்கு? முதுமை வேடம் புனைந்த துணியை முதுமை உண்மையாகவே விரைவில் வந்து பிடித்துக்கொள்கிறது.

பழையதொரு போர்வையைப் பழுது பார்க்கும்போது, புது லேஸ் மட்டும் பளீரென்று தனித்துத் தெரிந்தால் கண்ணை உறுத்தாதா? உறுத்தும். அங்கே நிறத்தை இணக்குவது தையற்காரரின் கடமை. பழுது பார்த்த இடம் இது என்று உரிமையாளருக்குத் தெரிந்திருக்கும்வரை அதில் பொய் ஏதுமில்லை. சந்தைக்கு வரும் புதுப்பொருளைப் பற்றியதே நம் வழக்கு.

‘இயற்கை’ என்ற சொல்லுக்கும் அதிகப்படியான ஒளிவட்டம் வேண்டாம். வரலாறு அவ்வளவு தூயதன்று. இம்பூறல் என்கிற சாயவேரின் சிவப்புக்காக, டச்சுக்காரர்கள் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் அந்த வேரைத் தோண்டும் உரிமையையே தம் கைக்குள் வைத்திருந்தார்கள். மணலில் குனிந்து வேர் தோண்டியவர்கள் யாரும் செல்வரானதாகச் செய்தியில்லை. வங்காளத்து அவுரி விவசாயிகள் 1859இல் கலகம் செய்ய நேர்ந்தது இயற்கைச் சாயத்தின் பெயரால்தான். பிறகு வேதியியல் வந்தது. கால்டுவெல்லின் நூல் வெளியான அதே 1856இல் பெர்க்கின் இலண்டனில் செயற்கை ஊதாச் சாயத்தைக் கண்டார். 1868இல் சாயவேரின் சிவப்பு ஆய்வுக்கூடத்தில் உருவாயிற்று. 1897இல் செயற்கை நீலம் சந்தைக்கு வந்தது. நாற்பது ஆண்டுகளில் வேரும் இலையும் தோற்றன. அந்த வெற்றியின் கணக்கு நொய்யலாற்றில் எழுதப்பட்டது. திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடும்படி 2011இல் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட வேண்டியதாயிற்று. ஆகவே, செயற்கைச் சாயம் வில்லன், இயற்கைச் சாயம் நாயகன் என்ற நாடகம் நமக்கு உடன்பாடில்லை. எந்தச் சாயமானாலும் அதற்குப் பின்னால் ஓர் ஆறு உண்டு, ஒரு கை உண்டு. அந்த இரண்டையும் மறைக்காத வணிகமே நேர்மையான வணிகம்.

*

அந்தக் கையைப் பற்றிச் சொல்லி முடிக்கலாம். ஆந்திரத்தின் நரசாப்பூர் லேஸ் பின்னும் பெண்களைப் பற்றி மரியா மீஸ் 1982இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் முதன்மையானது. உலகச் சந்தைக்காக நாள் முழுதும் பின்னும் பெண்கள் தொழிலாளர்களாகவே எண்ணப்படவில்லை. வீட்டிலிருக்கும் பெண்கள் ஓய்வு நேரத்தில் செய்வது என்று பெயரிட்டு, அந்தப் பெயரைக் கொண்டே கூலி குறைக்கப்பட்டது என்று அவர் காட்டினார். பொழுதுபோக்கு என்ற ஒரு சொல் பெண்களின் வேலையை இப்படிக் கண்ணுக்குத் தெரியாததாக்கியது.

‘பழங்கால லேஸ்’ என்ற சீட்டும் இதைத்தான் செய்கிறது என்று அஞ்சுகிறோம். லேஸ் பழையதென்றால், பின்னியவள் இறந்துபோனவள். இறந்துபோனவளுக்குக் கூலி தர வேண்டியதில்லை. பெயர் கேட்க வேண்டியதில்லை. கண் நோகிறதா, கழுத்து வலிக்கிறதா என்று விசாரிக்க வேண்டியதில்லை. விலை முழுவதும் பழமைக்குச் சேர்ந்துவிடுகிறது. பழமைக்கு உரிமையாளர் கடைக்காரர். போன மாதம் முதுகு வளைத்துப் பின்னிய ஒருத்தியை ஒரு குவளைத் தேநீர் நூறாண்டு பின்னுக்குத் தள்ளிவிடுகிறது. தன் விடுதலையை லேஸ் விற்று வாங்கிய பெண்ணின் வழிவந்த தொழிலுக்கு இது சரியான முடிவாகத் தோன்றவில்லை.

நம் ஊர்களில் வண்ணார் ஒரு குறி இடுவார்கள். சேங்கொட்டையின் சாற்றைத் தொட்டு, துணியின் மூலையில் ஒரு புள்ளியோ கோடோ வைப்பது வழக்கம். கையில் பட்டால் புண்ணாக்கும் சாறு அது. துணியில் பட்டால் எத்தனை வெள்ளாவிக்கும் போகாது. கறையிலேயே பெரிய கறை. ஆனால் அது பொய் சொன்னதில்லை. இந்தத் துணி இன்ன வீட்டுடையது என்ற ஒரே உண்மையைத் துணி கிழியும்வரை சொல்லிக்கொண்டிருந்தது. இயற்கைச் சாயத்துக்கு நம்மிடையே ஏதேனும் ஒழுக்க மரபு உண்டென்றால், அது இந்தக் குறியில்தான் இருக்கிறது.

நாம் கேட்பது பெரிய சீர்திருத்தமன்று. லேஸ் வைத்துப் போர்வை தைக்கிறவர்களும் விற்கிறவர்களும் நான்கு செய்திகளைச் சீட்டில் எழுதட்டும். இழை பருத்தியா, வேறா. நிறம் எதிலிருந்து எடுக்கப்பட்டது, எதைக்கொண்டு ஊன்றப்பட்டது. லேஸ் எந்த ஆண்டில் எந்த ஊரில் பின்னப்பட்டது. பின்னியவர் விரும்பினால் அவர் பெயர். வாங்குகிறவர்களும் இவற்றைக் கேட்டு வாங்கட்டும். மாதுளந்தோல் மஞ்சள் நாளடைவில் மங்கும் என்பதையும் சொல்லியே விற்கலாம். மங்கும் நிறத்தை மங்கும் என்று தெரிந்து வாங்குகிறவர் ஏமாந்தவராகமாட்டார். அந்த லேஸ் அவர் வீட்டு வெயிலில் அவர் கண்ணெதிரே வெளுக்கும். பத்தாண்டு கழித்து அது அடையும் பழுப்பு அவருக்கே உரிய, யாரிடமும் விலைக்கு வாங்காத பழமை.